பெட்டியின் மேல் யார் பெயர்?

(மகளிர் தொழிற்பயிற்சி வகுப்பின் பெற்றோர், குடும்பத்தார் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நம் அறக்கட்டளையின் பயிற்சி வகுப்பில் பத்துச் சகோதரிகள் பனங்குருத்தோலையில் மூடி போட்ட பெட்டி முடையக் கற்றிருக்கிறார்கள். உள்ளே துணி வைத்துத் தைக்கவும் அவர்களுக்குத் தெரியும். அல்ஹம்துலில்லாஹ், வேலை சுத்தமாக வந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் திருச்சிப் பக்கத்து நிறுவனம் ஒன்று எங்களிடம் பேசியது. தீபாவளிக்குத் தன் ஊழியர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் கொடுக்க 400 அன்பளிப்புப் பெட்டிகள் வேண்டும், மேலே தங்கள் நிறுவனத்தின் பெயரும் சின்னமும் இருக்க வேண்டும் என்றார்கள். விலை பெட்டிக்கு 120 ரூபாய் என்றார்கள். கூடவே இன்னொன்றும் கேட்டார்கள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு அட்டை வைக்க வேண்டுமாம். அதில் நம் சகோதரிகள் நால்வரின் புகைப்படமும், இவர்கள் ஆதரவற்ற விதவைகள், உங்கள் அன்பளிப்பால் வாழ்கிறார்கள் என்ற கருத்தில் சில வரிகளும் இருக்க வேண்டுமாம்.

400 பெட்டி நம்மைப் போன்ற ஒரு சிறிய அமைப்புக்குப் பெரிய ஆர்டர். ஆகவே இதில் நாங்கள் என்ன முடிவு செய்தோம், ஏன் செய்தோம் என்பதைக் குடும்பத்தார் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகவே இந்தக் கூட்டம்.

பெயர் போட்ட பை நமக்குப் புதிதல்ல

நிறுவனத்தின் பெயர் போட்ட அன்பளிப்புப் பெட்டி என்றதும் ஏதோ பட்டணத்து விஷயம் என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டு நிக்காஹ்களில் மணமக்கள் பெயர் அச்சடித்த மஞ்சப்பை கொடுத்தோமே, அது என்ன? ஜவுளிக்கடைக்காரர் தம் கடைப் பெயரைப் பையில் போட்டுக் கொடுத்தாரே, அது என்ன? பையை வாங்கியவர் பத்து வருடம் அதில் காய்கறி வாங்கினார். பத்து வருடமும் அந்தப் பெயர் சந்தையில் நடந்தது. 2021 டிசம்பர் 23 அன்று தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று திட்டம் தொடங்கியதும் அந்தப் பழக்கத்தை நினைவுபடுத்தித்தான்.

பக்கத்திலேயே பாருங்கள். செட்டிநாட்டில் கொட்டான் என்றால் எல்லோருக்கும் தெரியும். பனையோலையில் முடைந்து, சாயம் போட்டு, துணியும் மணியும் வைத்து அழகுபடுத்தி, விசேஷங்களில் சீர்ப் பொருள் வைத்துக் கொடுப்பார்கள். இடையில் பிளாஸ்டிக் வந்து அந்த வேலை மங்கிப்போனது. எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அதை மறுபடி எழுப்பியது. இன்று செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. பெரிய ஊர்களில் அதை அன்பளிப்பு வைத்துக் கொடுக்கும் பெட்டியாகத் தேடி வாங்குகிறார்கள்.

திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கோரைப்பாய் நெய்பவர்கள் நம் சமுதாயத்துக் குடும்பங்கள். கோரையைக் கீறி, தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, துணி போல மடியும் அளவுக்கு மெல்லிய பாய் நெய்கிறார்கள். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பெயரை நெசவிலேயே போட்டுவிடுவார்கள். 1953-இல் இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்கு அங்கிருந்து பாய் அன்பளிப்பாகப் போனதை அந்த ஊரார் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். அந்தப் பாய்க்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

இந்த இரண்டு ஊர்ச் சரக்கும் எதற்காகப் பெயர் வாங்கின? முடைந்த கையும் நெய்த கையும் ஏழையின் கை என்பதற்காகவா? ஏழைகள்தான், சந்தேகமில்லை. ஆனால் பாய் மெல்லியதாக இருந்தது, கொட்டான் அழகாக இருந்தது, அதனால் பெயர் வந்தது. இதைத்தான் இன்று நாங்கள் உங்களிடம் சொல்ல வந்தோம். நம் பெட்டி வேலையின் பெயரால் விற்கட்டும். வறுமையின் பெயரால் விற்க வேண்டாம்.

இது தர்மப் பணமா, வியாபாரப் பணமா?

இதில் ஒரு குழப்பம் இருக்கிறது, அதைத் தீர்த்துக்கொள்வோம். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வரவு செலவோ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். பள்ளிக்கூடம், மருத்துவம், குடிநீர் என்று அந்தப் பணம் போகும். தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன் தரும் செலவை அந்தக் கணக்கில் காட்ட விதி இடம் தரவில்லை.

தீபாவளிக்கு ஊழியருக்குக் கொடுக்கும் பெட்டி வேறு கணக்கு. அது நிறுவனம் தன் தேவைக்கு வாங்கும் சரக்கு. மேசை நாற்காலி வாங்குவது போல, டைரி காலண்டர் அச்சடிப்பது போல. நம்மிடம் வாங்காவிட்டால் வேறு கடையில் அட்டைப்பெட்டி வாங்கியிருப்பார்கள். ஆகவே இங்கே நாம் விற்பவர், அவர்கள் வாங்குபவர். கை ஏந்துகிற பேச்சுக்கே இதில் இடமில்லை.

சரி, உண்மையான தர்மமாகவே இருந்தாலும் என்ன? கொடுத்ததைச் சொல்லிக்காட்டி வாங்கியவர் மனதைப் புண்படுத்தினால் தர்மத்தின் நன்மை அழிந்துபோகும் என்று நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே படிக்கிறார்கள். கணவரை இழந்த ஒரு சகோதரியின் படத்தை முந்திரிப் பொட்டலத்தோடு சேர்த்து 400 வீடுகளுக்கு அனுப்பினால், அந்தப் படம் அவருடைய மகள் வேலை பார்க்கும் இடத்துக்கும் போகலாம், நாளை மருமகனாக வரப்போகிற வீட்டுக்கும் போகலாம். இதில் அந்தச் சகோதரிகளின் விருப்பத்தைக் கேட்டோம். நால்வரும் வேண்டாம் என்றார்கள். அதற்கு மேல் இதில் நாங்கள் யோசிக்க எதுவும் இல்லை.

எனவே அந்த அட்டைக்கு மாற்றாக நாங்கள் ஒரு அட்டை எழுதிக் கொடுத்திருக்கிறோம். “அன்னவாசலில் பனங்குருத்தோலையில் கையால் முடைந்தது. ஈரம் படாமல் வைத்தால் பல ஆண்டு உழைக்கும்.” அவ்வளவுதான். இதில் நம் ஊர் பெயர் இருக்கிறது, வேலையின் பெயர் இருக்கிறது, வாங்குபவருக்குப் பயன்படும் ஒரு குறிப்பும் இருக்கிறது.

‘செட்டிநாடு கொட்டான்’ என்று போட்டால் கூடுதல் விலை கிடைக்குமே என்று ஒரு தம்பி கேட்டார். கிடைக்கலாம். ஆனால் அந்தப் பெயர் 1999-ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ் பதிவானது, அந்தப் பகுதியில் செய்பவர்களுக்கு உரியது. செட்டிநாட்டு ஊர்கள் சில நம் மாவட்டத்திலும் உண்டு. அன்னவாசல் அதில் இல்லை. அடுத்தவர் உழைத்துச் சேர்த்த பெயரை நாம் எடுப்பது சட்டத்துக்கும் ஆகாது, மார்க்கத்துக்கும் ஆகாது.

உள்ளிருந்து வெளியே திட்டமிடுவது

இனி வேலைக்கு வருவோம். அன்பளிப்புப் பெட்டியை எல்லோரும் மேலே என்ன அச்சடிக்கலாம் என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். உள்ளே என்ன வைக்கப்போகிறார்கள் என்பதிலிருந்து தொடங்குவதே சரி. இந்த ஆர்டரில் கால் கிலோ முந்திரி, 200 கிராம் கடலை மிட்டாய், ஒரு கைத்துண்டு. முதலில் அந்த மூன்றையும் வாங்கி, மேசையில் அடுக்கி, நீளம் அகலம் உயரம் அளந்தோம். அதற்கு ஏற்ற பெட்டி எட்டு அங்குலச் சதுரம் என்று வந்தது.

நிறுவனத்தார் பத்து அங்குலம் கேட்டார்கள், பார்வைக்குப் பெரிதாக இருக்குமாம். பெரிய பெட்டியில் சின்னப் பொருளை வைத்து, அடியில் காகிதத்தைத் திணித்து மேடாக்குவது கடைத்தெருவில் சாதாரணம். நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள், விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் ஈரமானதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்ற பொருளில் அவரைக் கண்டித்தார்கள். பெட்டி கட்டுகிற ஒவ்வொருவரும் இந்தச் சம்பவத்தை மனதில் வைக்க வேண்டும். மேலே கட்டும் நாடா உள்ளே இருப்பதை அழகுபடுத்தலாம், மறைக்கக் கூடாது. எட்டு அங்குலமே போதும் என்று எடுத்துச் சொன்னோம், ஒப்புக்கொண்டார்கள்.

உணவுப் பொருள் இருப்பதால் இன்னும் சில கவனங்கள். முந்திரி ஆதனக்கோட்டையில் நல்லதாகக் கிடைக்கும். ஆனால் மொத்தமாக வாங்கி வந்து நாம் பொட்டலம் போட்டால், உணவுப் பாதுகாப்புத் துறையில் அதற்கான பதிவு வேண்டும். இப்போது நமக்கு அது இல்லை. ஆகவே 14 இலக்க உரிம எண், எடை, தயாரித்த தேதி, எந்தத் தேதி வரை சாப்பிடலாம் எல்லாம் அச்சிட்ட மூடிய பாக்கெட்டாகவே வாங்குகிறோம். அந்த லேபிளின் மேல் எதையும் ஒட்டுவதில்லை. சோப்பு, அத்தர், ஊதுபத்தி ஆகியவற்றை முந்திரியோடு ஒரே பெட்டியில் வைப்பதும் இல்லை. வறுத்த முந்திரி வாசனையைப் பிடித்துக்கொள்ளும்.

பிறகு வெளிப்பை. நிறுவனத்தார் காட்டிய மாதிரிப் பை, துணி மாதிரியே இருக்கும், ஆனால் துணி இல்லை. நெய்யாத பை என்பார்கள். அது பிளாஸ்டிக் இழை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட 14 வகைப் பொருட்களில் அதுவும் ஒன்று. கடைகளில் இன்னும் தொங்குகிறது என்பதால் சட்டம் இல்லை என்று ஆகிவிடாது. பருத்திப் பை கொடுக்கிறோம் என்று சொல்லிவிட்டோம். தையல் வகுப்புச் சகோதரிகளுக்கு அதில் வேலை கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.

இப்போது பெயர். நிறுவனத்தின் சின்னத்தைப் பெட்டியிலேயே போடுவதா, தனியாகப் போடுவதா? பத்தமடைப் பாயில் பெயர் நெசவிலேயே இருக்கிறது. அழகுதான். ஆனால் கல்யாணம் நின்றுபோனால் அந்தப் பாயை யார் வாங்குவார்? நம் பெட்டியில் நிறுவனத்தின் பெயரையும் பண்டிகை வாழ்த்தையும் தனியாக ஒரு சுற்றுப்பட்டையில் அச்சிடுகிறோம். பெட்டியில் எந்தப் பண்டிகையின் அடையாளமும் இல்லை. ஆகவே இதே பெட்டி தீபாவளிக்கும் போகும், பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் போகும், நம் பெருநாளுக்கும் நிக்காஹுக்கும் போகும். ஆர்டர் குறைந்தாலும் சரக்கு முடங்காது.

பட்டையை வாங்கியவர் அன்றே கழற்றிவிடுவார். பெட்டியில் ஊசி நூலோ ஏலக்காயோ போட்டு வீட்டில் வைப்பார். அதனால் பெட்டியின் அடிப்பக்கம் விரல் அகலத் துணியில் ‘அன்னவாசல்’ என்று மட்டும் தைக்கிறோம். நிறுவனத்தின் பெயர் மேலே பெரிதாக இருக்கட்டும், அதற்குத்தானே பணம் தருகிறார்கள். நம் ஊர் பெயர் அடியில் சிறிதாக இருந்து நிலைக்கட்டும்.

அச்சில் ஒரு சிக்கனம் உண்டு. 400 என்ற எண்ணிக்கைக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் போதும், புதுக்கோட்டையிலேயே முடியும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிச் சட்டம் செய்ய வேண்டும் என்பதால், ஒரே நிறமாக இருந்தால் செலவு குறையும். ஆயிரக்கணக்கில் போனால் ஆஃப்செட்டில் அடிப்பது மலிவு, அப்போது சிவகாசியை நினைக்கலாம். சின்னத்தின் வடிவத்தையும் நிறத்தையும் நிறுவனத்திடமிருந்தே எழுத்துப்பூர்வமாக வாங்க வேண்டும். பழைய காலண்டரிலிருந்து எடுத்து அடித்தால் ஒரு எழுத்து மாறினாலும் 400-உம் திரும்பி வரும்.

ஒரு பெட்டியின் கணக்கு

தாய்மார்கள் கணக்கு வேண்டாம் என்று சொல்லக் கூடாது. இதுதான் முக்கியமான இடம்.

ஓலையும் சாயமும் 22 ரூபாய். துணி, நூல் 18. சுற்றுப்பட்டையும் அட்டையும் 12. பன்னிரண்டு பெட்டியை அடுக்கும் பெரிய அட்டைப்பெட்டியில் ஒன்றுக்கு வரும் பங்கு 8. ஆகப் பொருட்செலவு 60. சரிபார்த்து அடுக்கும் கூலி 10. திருச்சிக்கு வண்டி வாடகையில் பங்கு 5. ஓலை கிழிவது, சாயம் திட்டாவது போன்ற சேதத்துக்கு 8. மொத்தம் 83 ரூபாய். உள்ளே வைக்கும் பொருளும் வெளிப்பையும் தனிக்கணக்கு, இதில் சேராது.

ஒரு சகோதரி நாளுக்கு ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் நான்கு பெட்டி முடிக்கிறார். நிறுவனம் சொன்ன 120 ரூபாயில் 83 போனால் மிச்சம் 37. நான்கு பெட்டிக்கு 148 ரூபாய். 2025-26-இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். குளம் வெட்டப் போனால் கிடைப்பதில் பாதிகூட இல்லாத கூலிக்கு, கைவேலை கற்ற பெண்ணை நாம் உட்கார வைப்பதா?

நாங்கள் வைத்த கூலி நாளுக்கு 360, பெட்டிக்கு 90. அடுத்த ஓலை வாங்க முதலாக 17 ரூபாய் சேர்த்து, விலை 190 என்று எழுதிக் கொடுத்தோம். வீட்டு வேலைக்கு நடுவே சும்மா இருக்கும் நேரத்தில் செய்வதுதானே, கூலி எதற்கு என்று நம்மவர்களே சிலர் கேட்கிறார்கள். சும்மா இருக்கும் நேரம் என்று நம் வீட்டுப் பெண்களுக்கு எது இருக்கிறது, சொல்லுங்கள்? முதுகு வலிக்க உட்கார்ந்து செய்வது உழைப்பு. உழைப்பவரின் கூலியைத் தாமதமில்லாமல் கொடுப்பது நம் கடமை. குழுக் கடன் வாங்கி வாரா வாரம் தவணை கட்டும் வீடுகள் இந்த மஹல்லாவில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். இந்த 360 அந்த வீடுகளில் எதை மாற்றும் என்பதும் தெரியும்.

மழைக்கு முன், ரமளானுக்கு முன்

400 பெட்டி என்றால் 100 ஆள் வேலை. பத்துப் பேர், பத்து நாள் என்று வாய்க்கணக்கு சொல்லும். ஜுமுஆ நாள் அரை நாள்தான். காய்ச்சல் வரும், விருந்தாளி வருவார், மய்யித் வீடு வரும். நாங்கள் 18 நாள் வைத்திருக்கிறோம். அதற்கு முன் ஓலை காய, சாயம் போட, மாதிரி காட்டி ஒப்புதல் வாங்க, பட்டை அச்சடிக்க என்று இன்னும் இரண்டு வாரம். ஆக ஐந்து வாரத்துக்குக் குறைந்த அவகாசத்தில் ஆர்டர் எடுப்பதில்லை.

தீபாவளி ஐப்பசியில் வரும். ஐப்பசி அடைமழையில் ஓலை காயாது, பசை காயாது, காயாத ஓலையில் பூஞ்சை பிடிக்கும். ஆகவே ஓலையை ஆவணியிலேயே வெட்டிக் காயவைத்துக் கட்டி வைக்க வேண்டும். அதேபோல ரமளான் மாதத்தில் புது ஆர்டர் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். நோன்பு, சஹர் சமையல், இரவுத் தொழுகை எல்லாவற்றுக்கும் மேல் இதையும் பெண்கள் தலையில் வைக்க வேண்டாம். பெருநாளுக்கான பெட்டிகள் ஷஅபானுக்குள் முடிந்துவிட வேண்டும்.

பணம் பற்றி இரண்டு சொல். ஆர்டர் உறுதியானதும் பாதி முன்பணம் கேட்கிறோம். வட்டிக்கு வாங்கி ஓலை வாங்கும் நிலை வரக் கூடாது என்பதற்காக. மீதிக்கும் நாள் குறித்து எழுதி வாங்குகிறோம். 2006-ஆம் ஆண்டு சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு சிறு தொழில் செய்பவருக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள். அதற்கு உத்யம் பதிவு வேண்டும், கட்டணம் இல்லை. சகோதரிகளின் குழு பெயரில் அதைச் செய்கிறோம். இந்த வியாபாரத்தின் கணக்குத் தனி நோட்டு, தனி வங்கிக் கணக்கு. ஜகாத் நிதியிலிருந்து இதற்கு ஒரு ரூபாயும் எடுக்கவில்லை. அது உரியவர்களுக்குப் போய்ச் சேர வேண்டிய அமானத்.

குடும்பத்தாரிடம் நாங்கள் கேட்பது

வாலிபர்களே, குருத்தோலை இறக்குவதும், கட்டுகளை வகுப்புக்குக் கொண்டு வருவதும் உங்கள் பொறுப்பு. குருத்தை மொத்தமாக வெட்டி மரத்தைக் கெடுக்காதீர்கள், பனையேறத் தெரிந்தவரைக் கூலிக்கு அழைத்துக்கொள்ளுங்கள். மாமியார்களே, அந்த 18 நாள் மட்டும் பகல் சமையலில் மருமகளுக்கு ஒரு கை கொடுங்கள். கணவர்மார்களே, கூலி அவரவர் கையில்தான் கொடுக்கப்படும். அது அவர்களுடைய சம்பாத்தியம்.

கடைசியாக, அந்த ஆர்டர் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பெட்டிக்கு 190 ரூபாய், படம் இல்லாத அட்டை, பருத்திப் பை என்று எழுதி, மாதிரிப் பெட்டி இரண்டையும் கொடுத்தனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டால் இந்தத் தீபாவளிக்கு அந்தப் பத்து வீடுகளுக்கும் இந்த வருமானம் இல்லை. அது சிறிய இழப்பல்ல என்று எங்களுக்குத் தெரியும். அப்படி ஆனால், வரும் மாதங்களில் நம் மஹல்லாவில் நடக்கும் நிக்காஹ்களுக்கு இந்தப் பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று இப்போதே உங்களிடம் சொல்லி வைக்கிறோம். அதே 190 ரூபாய்தான். நம்மவர் என்று விலை குறைக்கச் சொல்லாதீர்கள், நம்மவர் என்பதால் குறையாமல் கொடுங்கள்.

ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். நம் சகோதரிகளின் கைவேலையில் அவன் பரக்கத் செய்வானாக. யாரிடமும் தலைகுனியாத ஹலாலான வாழ்வை அவர்களுக்கும் நமக்கும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.